டிரிஸ்டன் டா குன்யா: கதவைத் திறந்தால் ஊர் பிழைக்குமா?

கலங்கரை:
தென் அட்லாண்டிக்கின் நடுவே இருக்கிறது டிரிஸ்டன் டா குன்யா என்ற பிரிட்டிஷ் தீவு. கேப் டவுனிலிருந்து ஏறக்குறைய 2,800 கி.மீ. பக்கத்து ஊர் என்றால் செயின்ட் ஹெலினா, அதுவே 2,400 கி.மீ. தள்ளி. விமானத்தளம் கிடையாது, கப்பலில் ஒரு வாரம் ஆகும். இருநூற்றுச் சொச்சம் பேர், எல்லோரும் ஒரே குடியிருப்பில். நிலம் ஊர்ப் பொது. வெளியாள் நிலம் வாங்க முடியாது, குடியேறவும் முடியாது.

இந்தத் தடையைத் தளர்த்தாவிட்டால் தீவு காலியாகிவிடும் என்பது என் கட்சி. ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டாவில் அதுதான் நடந்தது. இளவட்டங்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். படகைத் தள்ளவும் ஆட்டை வளைத்துப் பிடிக்கவும் கை போதவில்லை. கடைசியில் மிச்சமிருந்த 36 பேரும் தாங்களே மனுப் போட்டு, 1930 ஆகஸ்ட் 29 அன்று கப்பல் ஏறினார்கள். டிரிஸ்டனிலும் பிள்ளைகள் 16 வயதுவரைதான் உள்ளூரில் படிக்கலாம். மேலே படிக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் திரும்புவார்கள்?

வலைஞன்:
செயின்ட் கில்டாவை இதற்கு உவமை சொல்லாதீர்கள். அங்கே கடைசிக் காலத்தில் விற்க உருப்படியான சரக்கே இல்லை. டிரிஸ்டனில் சிங்கி இறால் இருக்கிறது.

காலையில் கடலைப் பார்த்து, இன்று மீன்பிடி நாள் என்று முடிவானால் மணி அடிப்பார்கள். தொங்கவிட்ட பழைய கேஸ் சிலிண்டர்தான் மணி. படகுகளைக் கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீரில் இறக்கும். கரையோரப் பாறைப் பகுதியில் கூண்டு போட்டுப் பிடிக்கிறார்கள். அளவு குறைந்ததையும் சினை இறாலையும் திரும்பக் கடலில் விட வேண்டும். இந்தத் தீவுக்கூட்டத்தில் ஒவ்வொரு தீவுக்கும் எவ்வளவு பிடிக்கலாம் என்று தனி ஒதுக்கீடு உண்டு. பிடித்ததை அன்று இரவே ஆலையில் பதப்படுத்தி உறையவைத்துவிடுவார்கள். தாமதித்தால் தரம் போய்விடும், தரம் போனால் இத்தனை தூரம் அனுப்பிக் கட்டுப்படியாகாது.

இன்னொன்று. அந்த மக்களுக்கு ஊரை விட்டுப் போகும் வாய்ப்பு ஒருமுறை தானாகவே வந்தது. 1961 அக்டோபரில் குடியிருப்பின் ஓரத்திலேயே எரிமலை வெடித்தது. 264 பேரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். வேலை கிடைத்தது, வீடும் கிடைத்தது. 1962இல் வாக்கெடுப்பு வைத்தபோது திரும்பிப் போகிறோம் என்றவர்கள் 148 பேர், வேண்டாம் என்றவர்கள் 5 பேர்.

கலங்கரை:
1962இல் வாக்களித்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான் நான் கேட்கிறேன், வலைஞன். தாத்தாவின் வைராக்கியம் பேரனுக்கும் இருந்தே தீரும் என்று எப்படி எழுதிக்கொடுப்பீர்கள்? ஒற்றைச் சரக்கை நம்புவதும் ஆபத்துதான். 2011 மார்ச்சில் எம்.எஸ். ஒலிவா என்ற சரக்குக் கப்பல் பக்கத்து நைட்டிங்கேல் தீவில் மோதி உடைந்தது. எரிஎண்ணெயும், 65,000 டன் சோயாவும் கடலில் போயின. பென்குவின்கள் எண்ணெயில் ஊறிக் கரை ஏறிய படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். கடலடியில் சோயா அழுகியது அவ்வளவாக யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பக்கத்து இறால் பிடிப்பையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஒரு மாலுமியின் தவறு, ஒரு ஊரின் வருமானத்தில் கைவைத்துவிட்டது.

அலைத்தடுப்பு:
இரண்டு பேரும் ஆட்களை எண்ணுகிறீர்கள். நான் நாட்களை எண்ணச் சொல்கிறேன்.

ஊரின் ஒரே வாசல் 1967இல் கட்டிய கால்ஷாட் துறைமுகம். கைக்குட்டை அளவுதான். கப்பல் உள்ளே வர ஆழம் போதாது. அதனால் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலின் கிரேன் சரக்கைத் தட்டையான மிதவையில் இறக்கும், விசைப்படகு மிதவையை இழுத்துவரும், துறைமுகக் கிரேன் அதைக் கரையேற்றும். கொஞ்சம் அலை எழுந்தாலும் மிதவையும் கப்பலும் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். தொங்கும் சுமை ஆடிப் பக்கச்சுவரில் மோதும். அப்போது வேலையை நிறுத்துவது தவிர வழியில்லை. ஊர் கண்ணெதிரே தெரிய, கப்பல் நாள்கணக்கில் காத்துக்கிடக்கும்.

படகுகளைத் துறைமுகத்தில் கட்டிவைக்கவும் முடியாது. புயல் வந்தால் நொறுங்கிவிடும். அதனால்தான் வலைஞன் சொன்னபடி ஒவ்வொரு மீன்பிடி நாளும் தூக்கி இறக்குகிறார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 60, 70 நாள்தான் கடல் இடம் கொடுக்கும். அந்த நாளில்தான் மீனும் பிடிக்க வேண்டும், கப்பல் வந்திருந்தால் சரக்கும் இறக்க வேண்டும். ஒரே கிரேன், அதே ஆட்கள். தடையைத் தளர்த்தி நூறு பேரைக் குடியேற்றினாலும் அமைதியான கடல் ஒரு நாள்கூடக் கூடாது. அவர்களுக்கான மாவும் டீசலும் அதே மிதவையில்தான் வர வேண்டும்.

வலைஞன்:
இதை ஒப்புக்கொள்கிறேன். கூடவே மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2008 பிப்ரவரியில் மீன் ஆலை எரிந்தபோது ஊருக்கே மின்சாரம் கொடுத்த நான்கு ஜெனரேட்டர்களும் சேர்ந்து போயின. எல்லாம் ஒரே கட்டிடத்தில் இருந்தன. புது ஜெனரேட்டர் வந்து மின்சாரம் சீராக ஒரு மாதம் ஆனது. புது ஆலை 2009இல்தான் திறந்தது. முதலும் முக்கியமுமான பாடம் அதுதான்: மின்சாரமும் பிழைப்பும் ஒரே கூரைக்கடியில் இருக்கக்கூடாது.

மண்வெட்டி:
சாப்பாட்டை மறந்துவிட்டீர்கள். குடியிருப்புக்கு மேற்கே சில கி.மீ. தள்ளி உருளைக்கிழங்குப் பாத்திகள் இருக்கின்றன. காற்று மண்ணைப் பறிக்காமலிருக்க ஒவ்வொன்றையும் சுற்றி எரிமலைக்கல் சுவர். அங்கே ஒரு காலத்தில் கிழங்குதான் காசு. 1946இல் தீவுக்கென வடிவமைத்த அஞ்சல்தலையில் ஒரு பென்னி விலையோடு நான்கு கிழங்கு என்றும் அச்சடித்திருந்தார்கள்.

தலைமுறை தலைமுறையாக அதே பாத்தி, அதே பயிர். கிழங்கு போட்ட இடத்திலேயே கிழங்கு போட்டால் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு மண்ணில் பெருகும், செடி வாடும், கிழங்கு சிறுக்கும். பயிரை மாற்றி மண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், ஆனால் ஓய்வு கொடுக்க உபரி நிலம் வேண்டுமே. தீவின் பரப்பு 98 சதுர கி.மீ. என்று படிப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். நடுவில் 2,062 மீட்டர் எரிமலை, சுற்றிலும் செங்குத்துப் பாறை. உழக்கூடியது கடலோரத்தில் ஒரு துண்டுதான். மேய்ச்சலும் அப்படியே, ஆடுமாட்டு எண்ணிக்கைக்கு ஊரே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. வெளியாளுக்கு நிலம் இல்லை என்ற விதியைக் கருமித்தனம் என்று நினைக்காதீர்கள்.

கலங்கரை:
மண்வெட்டி, நிலத்தைப் பிய்த்துக் கொடுக்கச் சொல்லவில்லை. என் கவலை வயது. இருப்பவர்களில் பாதி முதியவர்களானால், கணக்கில் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும், படகில் ஏற ஆள் இருக்காது.

வலைஞன்:
அப்படியென்றால் பிட்கெய்ர்னைப் பாருங்கள். பசிபிக்கில் இருப்பது, விமானத்தளம் இல்லாதது. 1937இல் 233 பேர் இருந்தார்கள், இன்று ஐம்பது பேர்கூட இல்லை. குடியேற வாருங்கள், நிலம் தருகிறோம் என்று அழைத்தும் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கதவைத் திறந்தும் ஊர் நிரம்பவில்லை.

கலங்கரை:
சரி, பிட்கெய்ர்ன் என் வாதத்தைப் பலவீனப்படுத்துகிறது. பொதுவாகக் கதவைத் திறப்பது என்பதை விட்டுவிடுகிறேன். ஆனால் பிட்கெய்ர்னில் டிரிஸ்டன் அளவுக்கு மீன்பிடி இல்லை, சம்பளத்துக்கு ஆலை இல்லை. டிரிஸ்டனில் வேலை இருக்கிறது. மருத்துவரும் ஆசிரியரும் இப்போதே ஒப்பந்தத்தில் வந்துபோகிறார்கள். படிக்கப் போன பிள்ளை டீசல் மெக்கானிக்காகவோ செவிலியராகவோ தேறி, வெளியூர்த் துணையோடு திரும்பினால், அந்தத் துணைக்குக் கிடைப்பது சம்பளமுள்ள வேலையா, விருந்தாளி இடமா? ஊர் மன்றம் முதலில் தீர்க்க வேண்டியது இதை என்கிறேன்.

அலைத்தடுப்பு:
இதற்கு நான் உடன்படுகிறேன், ஆனால் எந்த வேலை என்று வரிசைப்படுத்துங்கள். அலைத்தடுப்புச் சுவர் அடிக்கடி அடிவாங்கும். 2008இல் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்கள் வந்துதான் துறைமுகத்தைச் செப்பனிட்டார்கள். உப்புக்காற்றில் கிரேனின் கம்பிவடம் உள்ளிருந்து துருவேறும். வெளியே கிரீஸ் பளபளக்கும், உள்ளே இழை அறுந்திருக்கும். எண்ணெய் அழுத்தத்தால் கிரேனை இயக்கும் ஹைட்ராலிக் குழாய் வெடித்து, மாற்றுக் குழாய் கையிருப்பில் இல்லையென்றால் அடுத்த கப்பல்வரை படகு இறங்காது. படகு இறங்காவிட்டால் ஆலைக்கு இறால் வராது.

திரும்பி வருகிற முதல் இளைஞர் கிரேன் பராமரிப்பு படித்தவராக இருக்கட்டும். அவரோடு இரண்டு செட் கம்பிவடமும் வரட்டும்.

மண்வெட்டி:
அதே கப்பலில் நோயில்லாத விதைக்கிழங்கும் நாலு மூட்டை ஏற்றுங்கள். நடவுக்கு முன்பே வந்து சேர வேண்டும்.