5 விநாடிக்குள் கதை பிடித்துவிட வேண்டுமாம்!

மைக்கூடு:
பக்கத்து விவாதத் திரியில் வெட்டுக்கத்தி என்ற நண்பர் எழுத்தாளர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார். அவர் எழுதியது இது: "முதல் 5 விநாடியில் பிடித்து நிறுத்தாவிட்டால் ஆள் போய்விடுவார். யூடியூப் இதை 2010லேயே நிரூபித்துவிட்டது. எழுத்தாளர்கள் இன்னும் முதல் பக்கத்தில் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்." இதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு.

2010ல் வந்தது என்ன தெரியுமா? விளம்பரத்தில் 5 விநாடி கழித்துத் தலைகாட்டும் ஸ்கிப் பட்டன். அந்த 5 விநாடி, பார்ப்பவர் தப்பிக்கவே முடியாத நேரம். ஒருவரைத் தூணில் கட்டிவைத்துவிட்டு, 'எவ்வளவு ஆர்வமாக நிற்கிறார் பாருங்கள்' என்று சொல்வதுபோல இருக்கிறது. இதைக் கதைக்கு அளவுகோலாகத் தூக்கிக்கொண்டு வந்தால் சிரிக்காமல் என்ன செய்வது?

வெட்டுக்கத்தி:
அட, எனக்காகவே ஒரு திரியா! நன்றி ஐயா.

விளம்பரத்தை விடுங்கள். ஒன்பது வருடமாக வீடியோ எடிட் செய்கிறேன். பெரும்பாலான வீடியோக்களின் ரிடென்ஷன் கிராஃபை, அதாவது எந்த இடம்வரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கோட்டைத் திறந்தால் தொடக்கத்தில் ஒரு சறுக்கு மரம் இருக்கும். அதற்குப் பிறகுதான் கோடு கொஞ்சம் நிதானமாக நடக்கும். சறுக்கிப் போனவர்கள், நீங்கள் பின்னால் பொத்திவைத்திருக்கும் வைரத்தைப் பார்க்கப்போவதே இல்லை. அதனால்தான் "வணக்கம் நண்பர்களே, இன்றைய வீடியோவில்" என்பதை முதல் வேலையாக வெட்டுகிறோம். ஒருவர் படியேறி, மூச்சு வாங்கி, மணி அடித்து, கதவு திறக்கிற காட்சி என்றால் கதவு திறப்பதிலிருந்துதான் வைப்போம். எழுத்தாளர்கள் அந்தப் படிகளை எண்ணி எண்ணி எழுதுகிறார்கள். நான் சொன்னது அவ்வளவுதான். ஐந்தா ஏழா என்பது பெரிய விஷயமில்லை.

நிலா_வாசகி:
எடிட்டிங்கில் ஜே கட் என்று ஒன்று உண்டு. அடுத்த காட்சியின் சத்தம் முதலில் வரும், படம் அப்புறம் வரும். சண்டை போட்ட இருவர் இன்னும் திரையில் இருக்கும்போதே ரயில் சத்தம் கேட்கத் தொடங்கும். அடுத்த படம் ரயில் பெட்டி. 'மறுநாள் அவள் கிளம்பிப் போனாள்' என்ற வரியே தேவைப்படாது. என் கதைகளில் 'மறுநாள்', 'இதற்கிடையில்' எல்லாம் மூட்டை மூட்டையாக இருந்தன. இதைக் கவனித்த பிறகு பாதியை அடித்துவிட்டேன். அதைப் பற்றிப் பேசலாமே?

மைக்கூடு:
பேசலாம் சகோதரி. முதலில் இந்த 5 விநாடியை முடித்துவிடுவோம்.

'ஐந்தா ஏழா என்பது பெரிய விஷயமில்லை' என்கிறார். பிறகு எதற்கு ஐந்து என்று எழுதினார்? எதற்கு 2010 என்று வருடம் போட்டார்? எண்ணைப் போட்டால் விஞ்ஞானம் மாதிரி தெரியும், அதற்காகத்தானே? வீடியோ போடுகிறவர்கள் கணக்குப் பார்க்கும் யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து பார்த்தால், அது 'அறிமுகம்' என்று எடுத்துக்கொள்வது முதல் 30 விநாடி. ஐந்து அல்ல, முப்பது. ஒன்பது வருடமாக அதையே திறந்து பார்ப்பவர் கண்ணில் இது படவில்லையா?

இன்னொன்றும் கேளுங்கள். யூடியூப் 2012ல் பரிந்துரைக்கும் முறையை மாற்றியது. எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு மதிப்பு வந்தது. ஆசைகாட்டும் தம்ப்நெயிலை, அந்த முகப்புப் படத்தை நம்பி உள்ளே போனால் ஒன்றும் இருக்காது, அந்த ஏமாற்றுக்கு அவர்களே போட்ட கடிவாளம் இது. வாசலில் தோரணம் கட்டினால் போதாது என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். இவர் இன்னும் தோரணம் விற்கிறார்.

பழைய_பெட்டி:
ஒரு சின்னத் திருத்தம். பழைய கணக்கில் 60 விநாடி ஒரு நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். ஆக, ஒரு விநாடி இன்றைய 24 செகண்ட். 5 விநாடி என்றால் முழுதாக 2 நிமிடம். அதற்குள் வானிலை அறிக்கையையும் வாசித்துவிட்டுக் கதையையும் தொடங்கிவிடலாம். இருவரும் கைகுலுக்கிவிட்டுப் போங்கள்.

சும்மா_ஒருவன்:
பெரியவரே, இப்போது யாரும் நாழிகை வட்டில் வைத்து ரீல்ஸ் பார்ப்பதில்லை. அதுவும் போக, 'வினாடி' என்றுதான் நான் படித்தேன்.

என் பங்குக்கு ஒன்று. யூடியூபில் ஏறிய முதல் வீடியோ 2005 ஏப்ரல் 23 அன்றைக்கு வந்தது. மொத்தமே 19 வினாடி. நிறுவனர்களில் ஒருவர் மிருகக்காட்சிசாலையில் யானைகள் முன்னால் நின்று, இவற்றின் தும்பிக்கை ரொம்ப நீளம் என்கிறார். முடிந்தது. அதில் எங்கே இருக்கிறது உங்கள் தூண்டில்? இன்றைக்கும் பார்க்கிறார்களே?

வெட்டுக்கத்தி:
அது முதல் வீடியோ என்பதால் பார்க்கிறார்கள், தம்பி. உங்கள் முதல் கதையை அப்படித் தேடிப்போய்ப் படிப்பார்களா?

மைக்கூடு ஐயாவின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும். போன வருடம் ஒரு கதை போட்டார். மூன்று பக்கம் மழை. நான் "குடை எப்போது வரும்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அன்றிலிருந்து நான் எங்கே வாய் திறந்தாலும் ஆஜராகிவிடுகிறார். 30 விநாடி என்கிறாரே, சரி, அந்த 30லும் மழைதான் பெய்துகொண்டிருந்தது. யூடியூபின் குட்டி வீடியோக்களான ஷார்ட்ஸில் கட்டைவிரல் திரைமேலேயே இருக்கும். அங்கே 5 விநாடி கொடுப்பதே தாராளம்.

மைக்கூடு:
மழையை இழுப்பீர்கள் என்று தெரியும். அந்தக் கதையில் குடை கிடையாது. குடை இல்லாததுதான் கதை. அதைப் பிடிக்க நிதானம் வேண்டும்.

வீடியோவில் நேரம் எடுப்பவர் கையில். அவர் 4 விநாடி காட்டினால் நான் 4 விநாடிதான் பார்க்க முடியும். பக்கத்தில் நேரம் வாசகர் கையில். ஒரு வரியில் அரை மணி நேரம் நிற்பார், இரண்டு பத்தியைத் தாவுவார், திரும்பி வருவார். இரண்டுக்கும் ஒரே கடிகாரம் எப்படிப் பொருந்தும்?

அப்புறம், வெட்டி ஒட்டுவது என்னவோ இணையம் பெற்ற பிள்ளை மாதிரி பேசுகிறார். நூறு வருடத்துக்கு முன்பே ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட இயக்குநர் ஒரே முகத்தைச் சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். முகம் மாறவில்லை. பார்த்தவர்கள் ஒருமுறை பசி என்றார்கள், ஒருமுறை துக்கம் என்றார்கள். இதைக் கற்றுக்கொள்ளச் சொன்னால் நான் முதல் வரிசையில் உட்காருவேன். ஸ்கிப் பட்டனிடம் பாடம் படிக்கச் சொன்னால் வரமாட்டேன்.

நிலா_வாசகி:
நேரம் எடுப்பவர் கையில் என்பது பழைய கதை. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள், விரலால் தள்ளுகிறார்கள், பின்னாலும் இழுக்கிறார்கள். வெட்டுக்கத்தி சொன்ன அதே கிராஃபில் சறுக்கல் மட்டுமா இருக்கிறது? நடுவில் மேடுகளும் வரும். திரும்பப் போய்ப் பார்த்த இடங்கள் அவை. எனக்குத் தெரிந்த ஒருவரின் வீடியோவில் மேடு வந்தது அவர் பேசாமல் இருந்த இடத்தில். ஒரு கடிதத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தார். எல்லோரும் நிறுத்தித் திரும்பப் படித்திருக்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு கோடு கிடைப்பதே இல்லை. எந்த வரியில் வாசகர் திரும்பிப் போனார் என்று நமக்குத் தெரியுமா?

மைக்கூடு:
கேட்டீர்களா? மேடு 5 விநாடியில் இல்லை!

நிலா_வாசகி:
நான் உங்கள் பக்கம் பேசவில்லை ஐயா.

வெட்டுக்கத்தி:
மேட்டுக்கு வர முதலில் சறுக்கலைத் தாண்ட வேண்டும். அந்த 5 விநாடி.

மைக்கூடு:
30.

பழைய_பெட்டி:
24 செகண்ட் என்று சொன்னதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. சும்மா_ஒருவனுக்கு மட்டும்: 'வி' முன்னொட்டு, 'நாடி' தனிச்சொல். நடுவில் 'ன' என்ற றன்னகரம் எங்கிருந்து வந்தது?

சும்மா_ஒருவன்:
புழக்கத்திலிருந்து வந்தது. பத்திரிகையில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

பழைய_பெட்டி:
பாதிப் பேர் 'முயற்ச்சி' என்றும்தான் எழுதுகிறார்கள். அதையும் வைத்துக்கொள்வோமா?

வெட்டுக்கத்தி:
ஐயா, அந்த மழைக் கதையைக் கொடுங்கள். மூன்று நிமிட வீடியோவாக ஆக்கிக் காட்டுகிறேன். கிராஃபைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

மைக்கூடு:
மழையை நீங்கள் வெட்டுவீர்கள். வெட்டிவிட்டுக் குடை வைப்பீர்கள். வேண்டாம்.

ஸ்கிப் பட்டன் பற்றிக் கேட்டதற்கு இதுவரை நேரான பதில் வரவில்லை என்பதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். நாளை விரிவாக எழுதுகிறேன்.

நிலா_வாசகி:
இன்னும் விரிவாகவா?