வெள்ளவத்தை மெரைன் டிரைவின் வரலாற்றை எங்கிருந்து தொடங்கித் தேடுவது?

கடலோரக்குறிப்பு கேட்டது:

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்திலிருந்து தெற்கே புகையிரத நிலையம் வரையுள்ள மெரைன் டிரைவ் என்ற கடலோர வீதிக்கு ஒரு சிறு வரலாற்றுக் கையேடு தயாராகிறது. காலி வீதியைப் பற்றி எழுத எத்தனையோ கிடைக்கிறது. இந்த வீதியைப் பேர் சொல்லித் தேடினால் பழைய ஆவணம் ஒன்றும் அகப்படவில்லை.

கையில் உள்ளவை ஒரே ஒழுங்கையின் கடற்பக்கத்துக் காணிகளுக்கான சில உறுதிகளின் (காணி உரிமைப் பத்திரங்களின்) பிரதிகள். அவற்றில் மேற்கெல்லை ஒரு சீராக இல்லை. ஒன்றில் "கடற்கரை", இன்னொன்றில் "றெயில்வே ஒதுக்குக் காணி", பிந்தியதில் "வீதி". ஒரு காணி முதலில் 20.4 பேர்ச். பிந்திய அளவைப் படத்தில் 18.75 பேர்ச். குறைந்த 1.65 பேர்ச் வீதிக்குப் போனதா, பழைய அளவை பிழையா?

இன்னொன்று: கால்வாய் வாய் ஏன் திரும்பத் திரும்ப மணலால் மூடுகிறது? அதையும் கையேட்டில் ஒரு பக்கமாவது எழுத வேண்டும்.

---

அளவுச்சங்கிலி எழுதியது:

பேர் சொல்லித் தேடினால் கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கரையில் கடைசியாக வந்து சேர்ந்தது இந்த வீதிதான். முதலில் தோட்டங்கள். பிறகு தண்டவாளம். அதற்குப் பிறகு தோட்டங்கள் துண்டுபட்டு உண்டான ஒழுங்கைகள். காலி வீதியிலிருந்து மேற்கே இறங்கும் ஒழுங்கைகள் எல்லாம் றெயில் வேலியோடு முட்டி நின்றன. அந்த முட்டுச்சந்துகளின் நுனிகளைத் தைத்து எடுத்ததுதான் மெரைன் டிரைவ். ஆகவே வீதியின் வரலாறு வேறு பேர்களுக்குக் கீழே கிடக்கிறது: ஒழுங்கைகளின் பேர், தோட்டங்களின் பேர், றெயில்வே ஒதுக்கு.

ஊரின் பேரே முதல் சான்று. சிங்களத்தில் 'வெல்ல' என்றால் கடற்கரை மணல், 'வத்த' என்றால் தோட்டம். தமிழில் எழுதும்போது வெள்ளம், வெள்ளை என்று மனம் போகும், அது பிழை. கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.

இனி மேற்கெல்லை. அதை ஒரு நாட்காட்டி மாதிரி வாசிக்கலாம். கொழும்பிலிருந்து பாணந்துறை வரை கரையோரப் பாதை திறந்தது 1877இல். காலிக்குப் போய்ச் சேர்ந்தது 1894இல், மாத்தறைக்கு 1895இல். "மேற்கே கடற்கரை" என்று ஒரு காணி விவரிக்கப்பட்டால் அந்த விவரணம் பாதைக்கு நிலம் எடுப்பதற்கு முந்தியது. "றெயில்வே ஒதுக்கு" என்றால் அதற்குப் பிந்தியது. "வீதி" அல்லது "வீதிக்கான ஒதுக்கு" என்றால் ஆக அண்மைக்காலம்.

இதில் ஒரு பொறி உண்டு. நொத்தாரிசுமார் பழைய உறுதியின் அட்டவணையை (காணியின் எல்லைகளை விவரிக்கும் பகுதியை) அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். 1950களில் எழுதிய உறுதியில் "மேற்கே கடற்கரை" என்று கிடந்தால், அந்த ஆண்டில் தண்டவாளம் இல்லையென்று அர்த்தமில்லை. உறுதியின் தேதியைப் பார்க்காதீர்கள். அட்டவணைக்குள் "இன்ன தேதிய, இன்ன இலக்க அளவைப் படத்தில் காட்டப்பட்ட" என்று வரும் வரியைப் பிடியுங்கள். எல்லை அந்தப் படத்தின் தேதிக்குரியது.

1.65 பேர்ச் கணக்கைப் பார்ப்போம். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, அதாவது 25.29 சதுர மீற்றர். 1.65 × 25.29 = ஏறத்தாழ 41.7 சதுர மீற்றர். மேற்குப் பக்க அகலம் 40 அடி (12.19 மீற்றர்) என்று வைத்தால், போன துண்டு 3.4 மீற்றர் ஆழமான ஒரு கீலம். உங்கள் படத்தில் உள்ள உண்மை அகலத்தைப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக் காணிகளிலும் ஏறக்குறைய அதே ஆழம் குறைந்திருந்தால் அது வீதிக்கோடு. ஒரு காணியில் மட்டும் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். பிரிவினைப் படத்தில் ஒழுங்கையை அகலமாக்க ஒரு மூலை விட்டுக்கொடுத்திருக்கலாம். அப்படியானால் குறைவு மேற்கில் இராது, வடக்கிலோ தெற்கிலோ ஒழுங்கைப் பக்கம் இருக்கும்.

நிலம் அளக்கும் சங்கிலியின் மேல் பழி போட முடியாது. பழைய சங்கிலி 66 அடி, 100 கண்ணி, கண்ணி ஒன்று 7.92 அங்குலம். பாவிக்கப் பாவிக்க அது நீளும். நீண்ட சங்கிலியால் அளந்தால் கண்ணி எண்ணிக்கை குறைவாக விழும், ஆகவே பழைய படம் காணியைச் சிறிதாகத்தான் காட்டும். முழுச் சங்கிலிக்கு அரைக் கண்ணி நீண்டிருந்தால் பரப்பில் ஒரு வீதம், 20.4 பேர்ச்சுக்கு 0.2 பேர்ச் மட்டுமே. உங்கள் வித்தியாசம் அதைப்போல எட்டு மடங்கு, திசையும் எதிர்.

---

கீழ்மடை எழுதியது:

கால்வாய்ப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கிருலப்பனைப் பக்கத்துத் தாழ்நிலத் தண்ணீரைக் கடலுக்கு விட வெட்டியது அது. கொழும்பு மாநகர சபையின் முதல் தலைவராக இருந்த சி.பி. லெயார்டின் பேரோடு சேர்த்து 'லெயார்டின் மடமை' என்று அக்காலத்தில் ஏளனம் செய்தார்கள். இன்றைக்குத் தெற்குக் கொழும்பின் மழைநீர் கடலுக்குப் போக இருக்கும் முக்கிய வாய்களில் அதுவும் ஒன்று. அந்த ஏளனப் பேரை மட்டும் எழுதிவிட்டு விடாதீர்கள், அதன் வேலையையும் எழுதுங்கள்.

மணல் மூடுவதற்கு வருவோம். கொழும்புக் கரையில் வற்றுப் பெருக்கு மிகச் சிறியது. அமாவாசை, பறுவத்தை ஒட்டிய நாட்களிலும் வித்தியாசம் முக்கால் மீற்றருக்கு உட்பட்டது. பெருக்கில் நிறையக் கடல்நீர் உள்ளே போய், வற்றில் வேகமாகத் திரும்பி வந்து வாயைக் கழுவும் ஆறுகள் உலகில் உண்டு. இங்கே அந்தக் கழுவல் நடக்காது. வாயைத் திறந்து வைத்திருப்பது மேலிருந்து வரும் மழைநீர் ஒன்றுதான்.

அலை மணலைக் கரையோரமாக நகர்த்துகிறது. சோளகக் காலத்தில் தென்மேற்கிலிருந்து வரும் அலை மணலை வடக்கே தள்ளும். கால்வாயின் தென்கரையிலிருந்து ஒரு நாக்கு வடக்கே வளர்ந்து வாயைக் குறுக்கறுக்கும். மழையில்லாத வாரங்களில் ஓட்டம் மெலிந்தால் நாக்கு மறுகரையைத் தொட்டுவிடும். அப்புறம் உள்ளே நிற்பது ஓடாத தண்ணீர். ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் போத்தலும் பாலத்தடியில் சேர்ந்து நாறத் தொடங்கும். அந்த நேரத்தில் மேலே ஒரு கனமழை விழுந்தால் கிருலப்பனைப் பக்கம் தண்ணீர் ஏறும்.

வெட்டித் திறப்பதில் ஒழுங்கு முக்கியம். வற்று நேரத்தில் தொடங்க வேண்டும். பெக்கோ இயந்திரத்தைக் (மண் வெட்டும் இயந்திரம்) கடற்பக்கம் நிறுத்தி உள்ளே நோக்கி வெட்டிக்கொண்டு வந்து, கால்வாய்ப் பக்கம் ஒரு மண்கட்டியை மட்டும் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். வெட்டு ஒடுக்கமாகவும் ஆழமாகவும் இருக்கட்டும். கடைசியில் அந்தக் கட்டியை உடைத்தால், உள்ளே ஏறி நிற்கும் தண்ணீர் ஒரே தள்ளாகப் போய்ப் பக்கங்களைத் தானே அரித்து அகலமாக்கும். கால்வாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கினால் தண்ணீர் கசிந்து கசிந்து மட்டம் இறங்கிவிடும், பிறகு கழுவ வலு இராது. உள்மட்டம் கடல்மட்டத்தைவிட உயராத நாளில் வெட்டினால் சில நாட்களிலேயே அலை வந்து மூடிவிடும். வெட்டிய மணலைத் தென்கரையில் குவிப்பது இன்னொரு பிழை, அலை அதையே திரும்ப வாய்க்குள் தள்ளும். வடக்கே போட வேண்டும்.

பாலங்களையும் கவனியுங்கள். கொஞ்சத் தூரத்துக்குள் காலி வீதிப் பாலம், மெரைன் டிரைவ் பாலம், றெயில் பாலம் என்று மூன்று. ஒவ்வொன்றின் தூணிலும் மிதக்கும் குப்பை சிக்கும். ஆகக் கீழே உள்ள பாலத்தில் அடைத்தால் மேலுள்ள இரண்டும் சுத்தமாக இருந்தும் பயனில்லை.

கையேட்டின் காலவரிசைக்கு மூன்று ஆண்டுகளைக் குறித்தால் போதும். தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கான சட்டம் 1968இன் 15ஆம் இலக்கம், இன்றைய காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் வேர் அதுதான். 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றது. அதைத் தொடர்ந்து 2012இல் உலக வங்கிக் கடனோடு மாநகரக் கொழும்பு நகர அபிவிருத்தித் திட்டம் வந்தது. கால்வாய்க் கரைகள் கட்டப்பட்டதை அந்தத் திட்ட அறிக்கைகளில் பார்க்கலாம்.

---

கடலோரக்குறிப்பு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பக்கத்துக் காணிகளைப் பார்த்தேன். மேற்கில்தான் குறைந்திருக்கிறது, மூன்று காணிகளிலும் ஆழம் 3.3 இலிருந்து 3.5 மீற்றர் வரை. இனி எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது? பழைய படத்தை இன்றைய படத்தின் மேல் பொருத்திக் காட்டவும் விருப்பம்.

---

ஃபோலியோ எழுதியது:

அப்படியானால் அரசு சுவீகரித்த நிலம். 1950இன் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் படிகளைத் தெரிந்துகொண்டு போனால் எதைக் கேட்பது என்று தடுமாற வேண்டியதில்லை. 2ஆம் பிரிவு, காணியைப் பரிசோதிக்க அறிவித்தல். 4ஆம் பிரிவு, எடுக்கும் எண்ணத்தை அறிவித்து ஆட்சேபம் கேட்பது. 5ஆம் பிரிவு, பொதுத் தேவைக்கு எடுப்பதாகப் பிரகடனம். 6ஆம் பிரிவின் கீழ் அளந்து படம் வரைவார்கள். 7ஆம் பிரிவில் உரித்தாளர்களை அழைப்பார்கள், 9இல் விசாரணை, 17இல் நட்டஈட்டுத் தீர்ப்பு. அவசரமென்றால் 38ஆம் பிரிவின் கீழ் நட்டஈட்டுக்கு முன்பே உடைமை எடுக்கலாம். உங்களுக்கு வேண்டியது 5ஆம், 7ஆம் பிரிவு அறிவித்தல்கள் வந்த வர்த்தமானி. அதில் பூர்வாங்கப் படத்தின் இலக்கம் இருக்கும், 'பி.பி.கோ.' என்று தொடங்குவது கொழும்பு மாவட்டத்துக்குரியது. அந்த இலக்கத்தோடு நாரஹேன்பிட்டியில் உள்ள நில அளவைத் திணைக்களத்துக்குப் போனால் பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். இலக்கம் இல்லாமல் போனால் சுற்றிச் சுற்றி வர வேண்டும். வெள்ளவத்தைக் கோப்புகளுக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம்.

காணிப் பதிவகத்தில் மட்டும் தேடினால் ஏமாறுவீர்கள். அரசுக்கு நிலம் சேர்ந்த கட்டளை பதிவாகும் வரை அந்தப் பக்கத்தில் பழைய பரப்பே தொடர்ந்து நிற்கும். ஃபோலியோ (பதிவேட்டில் அந்தக் காணிக்குரிய பக்கம்) நிரம்பினால் வேறு தொகுதிக்குக் கொண்டுபோவார்கள், அந்தக் குறிப்பு பக்கத்தின் தலையிலோ காலிலோ சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தவறவிட்டால் உரிமைத் தொடர் அறுந்துவிடும்.

அதிகம் பேர் தொடாத ஒரு மூலம் தொடர்மாடி உறுதிகள். 1973இன் 11ஆம் இலக்கச் சட்டம் வீடுகளை மாடி மாடியாக விற்க வழிசெய்தது. இன்று அந்தக் கரை முழுக்கத் தொடர்மாடி. ஒவ்வொன்றின் பிரதான அட்டவணையிலும் எந்தெந்தப் பழைய துண்டுகளைச் சேர்த்துக் கட்டினார்கள் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒரு கட்டடத்தின் உறுதி நான்கு பழைய வளவுகளின் பேரைத் தரும். அந்த வளவுப் பேர்களைக் கையேட்டில் கட்டாயம் பதிவுசெய்யுங்கள், வாசல் பலகைகள் போனபின் அவை வேறெங்கும் மிஞ்சவில்லை.

மாநகர சபையின் சோலைவரிப் பதிவேட்டில் வீட்டிலக்கமும் உரித்தாளர் பேரும் ஆண்டுவாரியாகக் கிடைக்கும். இலக்கங்கள் இடையில் மாறியிருப்பதால் இரண்டு ஆண்டுப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்து, மூலை வீட்டிலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். வீதிப் பேரும் மாறும். ஹை ஸ்ட்ரீட் இன்று டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தை. ஒல்லாந்தர் காலத்துக்குப் போக வேண்டுமானால் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தோம்புகள் (அக்காலக் காணிப் பதிவேடுகள்) உண்டு. மொழி ஒல்லாந்து, காணி வீட்டிலக்கத்தால் அல்ல, உரித்தாளர் பேராலும் ஊராலும் அடுக்கப்பட்டது. சிறு கையேட்டுக்கு அவ்வளவு ஆழம் தேவைப்படாது.

கடலோரம் பேணற் சட்டம் 1981இன் 57ஆம் இலக்கம். சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் கடலோர வலயம். மெரைன் டிரைவ் முழுதும் அதற்குள் வருகிறது. 1980களுக்குப் பிந்திய கட்டடங்களுக்கு அனுமதிக் கோப்பும் இருக்க வேண்டும்.

---

அளவுச்சங்கிலி எழுதியது:

படம் பொருத்துவதற்கு: முதலில் அளவுகோலைப் பாருங்கள். அங்குலத்துக்கு 2 சங்கிலி என்றால் 1:1584. தாளில் 1 மில்லிமீற்றர் பிசகினால் நிலத்தில் 1.6 மீற்றர். நீங்கள் காட்ட நினைக்கும் கீலமே 3.4 மீற்றர், ஆகவே மடித்துக் கசங்கிய தாளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்தால் சரிவராது. தட்டையாக வைத்து 300 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கான் செய்ய வேண்டும்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பழைய அரச படங்களுக்குக் கந்தவளை ஆதாரம் (ஆள்கூறுகளுக்கு அடிப்படையான அளவை முறை), ஆள்கூற்று முறைக்கான ஈபிஎஸ்ஜி இலக்கம் 5234. புதியவற்றுக்கு எஸ்எல்டி99, ஈபிஎஸ்ஜி 5235. பிதுருதலாகலையை மூலமாகக் கொண்டு முந்தியதில் ஆள்கூறு 200,000இலும் பிந்தியதில் 500,000இலும் தொடங்குவதால், எண்ணைப் பார்த்தவுடனேயே எது எதென்று தெரியும். மாறிப் போட்டால் வெள்ளவத்தை எங்கோ நடுக்கடலில் போய் நிற்கும். தனியார் அளவைப் படங்களில் ஆள்கூறு இராது, அவற்றுக்குப் பொருத்துப் புள்ளி நாமே எடுக்க வேண்டும்.

குறைந்தது நான்கு புள்ளி, படத்தின் நான்கு மூலைக்கும் பரவலாக. கடல் விளிம்பைத் தொடவே வேண்டாம், கல்லணை போட்டபின் அது பழைய விளிம்பே அல்ல. தண்டவாளத்தின் நடுக்கோடும் ஆபத்து. ஒற்றைப் பாதைக் காலத்து நடுக்கோடு வேறு, இரட்டைப் பாதைக்குப் பிறகு வேறு. காலி வீதியின் ஓரம் அகலிப்பில் நகர்ந்திருக்கும். நம்பக்கூடியவை ஒழுங்கைகளுக்கு இடையிலான பின்பக்க மதில்கள். இரண்டு ஒழுங்கைக் காணிகளும் முதுகோடு முதுகாகச் சந்திக்கும் அந்தக் கோட்டை ஒருவரும் அசைக்க விடமாட்டார்கள். நான்கு புள்ளிகளையும் அங்கே எடுத்து, ஐந்தாவதை ஒழுங்கை மதில் மூலை ஒன்றில் வைத்துச் சரிபாருங்கள். மிச்சப் பிழை (பொருத்தியபின் புள்ளி விலகி நிற்கும் தூரம்) ஒரு மீற்றருக்குள் வந்தால் உங்கள் கீலத்தை நிறந்தீட்டி அச்சிடலாம்.