'நரம்புத் தளர்ச்சி' எங்கிருந்து வந்தது?

நண்பர்களே, ஒரு சொல்லைத் துரத்திக்கொண்டிருக்கிறேன், உதவி வேண்டும்.

1869இல் 'நியூரஸ்தீனியா' என்ற நோய்ப்பெயரைப் பரப்பியவர் நியூயார்க் மருத்துவர் ஜார்ஜ் பியர்ட். கிரேக்கத்தில் 'நியூரான்' முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும்தான் குறித்தது. 'அஸ்தீனியா' என்றால் பலவீனம். (நம் யாழின் தந்திக்கும் நரம்பு என்றுதானே பெயர்!) அசதி, தலைவலி, தூக்கமின்மை எல்லாம் இதில் அடக்கம். நீராவி, தந்தி என்று வாழ்க்கை வேகமெடுத்ததே காரணம் என்றார் அவர். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலிருந்து இந்தப் பெயரே போய்விட்டது.

சரி, என் கேள்வி: நம்மூர் சுவர் விளம்பரங்களில் பார்க்கும் 'நரம்புத் தளர்ச்சி' இதன் மொழிபெயர்ப்பா, இல்லை அதற்கு முன்பே சித்த மருத்துவ நூல்களில் இருந்த சொல்லா? பழைய அகராதியோ பத்திரிகை விளம்பரமோ வைத்திருப்பவர்கள், ஆண்டு தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போடுங்களேன்.