வளைஞ்ச கத்திக்கு எந்தச் சாணை? அடுக்குமாடி புளோக் தோட்டக் குழு அரட்டை

மல்லிகா அக்கா: வணக்கம் எல்லாருக்கும். தோட்டத்து மடக்குக் கத்தி ரெண்டும் மழுங்கிடுச்சு. வாழை இலை அறுத்தா நார் நாரா இழுக்குது, கறிவேப்பிலைக் கிளையில வெட்டு நசுங்குது. நசுங்கின இடம் இங்க இருக்கிற ஈரத்துக்குச் சீக்கிரம் அழுகிடும். வீட்டுலயே தீட்டுறதுக்கு ஒரு நல்ல கருவி வாங்கலாம்னு இருக்கேன். படம் அனுப்பியிருக்கேன், பாருங்க.

ரவி அண்ணே: பார்த்தேன்மா. ஒண்ணு கொக்கி, கூர் உள்பக்கமா வளைஞ்சிருக்கு. இன்னொண்ணு வயிறு வச்ச கத்தி, கூர் வெளிப்பக்கமா புடைச்சிருக்கு. இதை முதல்ல பிரிச்சுக்கணும். வெளிவளைவை எந்தக் கல்லுலயும் தீட்டலாம். உள்வளைவுதான் கருவியையே தீர்மானிக்கும்.

தினேஷ்: வீட்டுல சமையல் கத்திக்கு வச்சிருக்கிற தண்ணிக் கல் போதாதா அண்ணே?

ரவி அண்ணே: வயிறு வச்சதுக்குப் போதும். கொக்கிக்கு ஆகாது. தட்டைக் கல்லை உள்வளைவுல வச்சா கல்லோட ரெண்டு ஓரம் மட்டும்தான் படும், நடுவுல காத்துதான். விடாம தேய்ச்சா ஓரம் பட்ட இடத்துல பள்ளம் விழும், கூர் அலை அலையா ஆயிடும். அப்புறம் அதைச் சமன் பண்ண நிறைய இரும்பைக் கரைக்கணும். தேய்க்கிற பொருளோட வளைவு, கத்தியோட வளைவை விடச் சின்னதா இருக்கணும். அதனாலதான் கல்லுக்குப் பதிலா ஒல்லியா குச்சி மாதிரி இருக்கிற சாணைத் தண்டு.

யூசுப் அங்கிள்: ரெண்டு கத்திக்கும் சேர்த்து ஒரே பெட்டின்னா ஸ்பைடர்கோ ஷார்ப்மேக்கர் வாங்குங்க மல்லிகா. முக்கோண செராமிக் தண்டு, பழுப்பு ரெண்டு, வெள்ளை ரெண்டு. பழுப்பு கொஞ்சம் கரடு, வெள்ளை மெருகுக்கு. அடிக்கட்டையில சொருகினா தண்டு தானாவே சாஞ்சு நிக்கும். கத்தியைச் செங்குத்தா கீழ இழுத்தாலே போதும், கோணத்தைக் கை கணக்குப் போட வேணாம். 30, 40னு ரெண்டு துளை இருக்கும். அது ரெண்டு பக்கமும் சேர்த்து, அதாவது ஒரு பக்கத்துக்கு 15, 20. செடி வெட்ட 40 துளை. 15-ல வச்சா காஞ்ச கிளையில கூர் மடங்கிடும்.

தினேஷ்: லான்ஸ்கி பத்தி என்ன நினைக்கிறீங்க? கவ்வி போட்டு 17, 20, 25, 30 கோணத்துல பிடிக்கிறது. வளைஞ்ச கத்திக்குன்னே தனிக் கல் விக்கிறாங்க.

ரவி அண்ணே: அந்தத் தனிக் கல் வாங்கினாத்தான் கொக்கிக்கு உதவும். சாதாரணமா கூட வர்ற கல் தட்டை. அப்பவும் ஒரு சங்கடம் இருக்கு. கவ்வியிலிருந்து கூர் எவ்வளவு தள்ளிப் போகுதோ அவ்வளவு கோணம் குறையும். கொக்கியோட நுனி கீழ இறங்கித் தள்ளிப் போறதால அங்க மட்டும் கூரோட சாய்வுப் பட்டை அகலமாயிடும், நுனி மெலிஞ்சு உடையும். சின்ன வளைவுன்னா பரவாயில்ல. ஆழமான கொக்கிக்கு நான் தண்டுதான் சொல்லுவேன்.

மல்லிகா அக்கா: கடையில கத்தியைச் சொருகி இழுக்கிற சின்னக் கருவி இருக்கே, விலையும் கம்மி?

யூசுப் அங்கிள்: வேணாம்மா. ஆங்கில எழுத்து வி மாதிரி ரெண்டு கெட்டியான கார்பைட் துண்டு இருக்கும். அது தீட்டாது, இரும்பைச் சுரண்டி எடுக்கும். கூர் ரம்பம் மாதிரி கிழியும். கொக்கியில அந்த வி நேரா உக்காராது, ஒரு பக்கமா சரியும்.

ரவி அண்ணே: சரி, தண்டுல செய்யுற முறை. இதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க.
அடிக்கட்டைக்குக் கீழ ஈரத்துணி போட்டு வைங்க, வழுக்காது. கூட வர்ற பித்தளைக் கம்பியைக் கட்டாயம் சொருகுங்க. அடிக்கட்டையைப் பிடிக்கிற கைக்கு அதுதான் தடுப்பு. முதல்ல தண்டோட மூலை முன்னாடி இருக்கணும், தட்டைப் பக்கம் இல்ல. தட்டைப் பக்கம் அரை அங்குல அகலம். இறுக்கமான கொக்கியில அதுவும் கல் மாதிரி ரெண்டு ஓரத்துல மட்டும்தான் படும். மூலை உள்ள போகும்.
கத்தியோட அடியில, அதாவது கைப்பிடி பக்கத்துல ஆரம்பிச்சு, கீழ இழுத்துக்கிட்டே உங்க பக்கமா வாங்க. வலது இடதுன்னு மாத்தி மாத்தி, பக்கத்துக்கு 20 தடவை. கத்தியோட எடையை விடக் கொஞ்சம்தான் அழுத்தம்.

தினேஷ்: வளையுற இடத்துல கையை எப்படித் திருப்பறது?

ரவி அண்ணே: தண்டு தொடுற இடத்துல கூர் எப்பவும் தரைக்கு இணையா இருக்கணும். அதனால வயிறு வச்ச கத்திக்கு நுனி நெருங்க நெருங்கக் கைப்பிடியை மேல தூக்கணும். கொக்கிக்கு நேர்மாறு, கைப்பிடியைக் கீழ இறக்கணும். இதை மறந்தா கொக்கியோட நுனி பக்கத்துல தண்டு சரியாவே படாது. இன்னொண்ணு, நுனி தண்டை விட்டு வெளிய வர விடாதீங்க. நுனி தண்டு மேலயே நின்னு முடியணும். வெளிய நழுவினா ஒவ்வொரு தடவையும் நுனி உருண்டு போகும். மூலை கூர்மைங்கிறதால ஒரே இடத்துல நிறுத்தித் தேய்க்கவும் கூடாது, அங்க குழி விழும்.

மல்லிகா அக்கா: எப்ப போதும்னு தெரியும்?

ரவி அண்ணே: தொடங்குறதுக்கு முன்னாடி மார்க்கர் பேனாவால கூர்ப் பட்டையில மை பூசுங்க. ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் பாருங்க. மை கூர் வரைக்கும் போயிருந்தா கோணம் சரி. மேல மட்டும் போயிருந்தா கூரையே தொடலைன்னு அர்த்தம், எவ்வளவு தேய்ச்சாலும் பலன் வராது. அப்படின்னா முதல்ல பழுப்புத் தண்டுல ஒரு பக்கமா மட்டும் தேய்ச்சு, எதிர்ப்பக்கம் பிசிறு, அதாவது கூர் ஓரத்துல மெல்லிசா மடங்குற இரும்பு, எழும்ப விடணும். பிசிறு இருந்தா, காது குடையுற பஞ்சுக் குச்சியைக் கத்தி முதுகிலிருந்து கூர் பக்கமா இழுக்கும்போது பஞ்சு அதுல மாட்டும். அடியிலிருந்து நுனி வரைக்கும் மாட்டினப்புறம்தான் அடுத்த பக்கம். பிறகு வெள்ளைத் தண்டு.

யூசுப் அங்கிள்: ரொம்ப மழுங்கினதுன்னா செராமிக்ல அரை நாள் ஆகும். அதே அடிக்கட்டைக்கு டைமண்ட் தண்டு தனியா கிடைக்கும். எஃகையும் பாருங்க. விக்டோரினாக்ஸ் மாதிரி மெதுவான எஃகுக்கு செராமிக் தாராளம். எஸ்30வி மாதிரி வனேடியம் கார்பைட் உள்ள எஃகுன்னா டைமண்ட்தான், அந்தக் கார்பைட் செராமிக்கை விடக் கெட்டி. எங்க மீன்பிடிக் கூட்டத்துல கொக்கி வடிவ டாஸ்மன் சால்ட் கத்தி வச்சிருக்காங்க, எச்1 எஃகு. உப்புத் தண்ணியிலயும் துருப்பிடிக்காது, செராமிக்ல சுலபமா கூர் வரும்.

தளம் 4 ஆன்ட்டி: அவ்வளவு காசு போடணுமா? வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதானே தீட்டுவோம்.

ரவி அண்ணே: வேணாம் ஆன்ட்டி, சில வெள்ளியில முடிக்கலாம். 12 மில்லிமீட்டர் உருண்டை மரக்குச்சி, தண்ணியில நனைச்சுத் தேய்க்கிற உப்புத்தாள் 400, 800, 1500 நம்பர், நம்பர் ஏற ஏற மெருகு. தாளை ஒரே சுத்து சுத்தி இரட்டைப் பக்க டேப்பால ஒட்டுங்க. ரெண்டு மூணு சுத்து சுத்தினா மெத்தை மாதிரி அமுங்கி கூரை உருட்டிடும். கத்தியை மேசை ஓரத்துல அசையாம பிடிச்சு, குச்சியை முதுகிலிருந்து கூர் நோக்கித் தள்ளுங்க. கூருக்கு எதிரா தள்ளினா தாள் கிழியும், கையும் போகும். கோணம் உங்க கையில இருக்கிறதால மார்க்கர் மை இங்க ரொம்ப அவசியம். கடைசியா அதே குச்சியில தோல் ஒட்டி, பச்சை குரோமியம் ஆக்சைடு மெருகுப் பசை பூசி, பக்கத்துக்கு அஞ்சாறு இழுப்பு. அதிகமா இழுத்தா கூர் மழுங்கும்.

மல்லிகா அக்கா: செடி ஒட்டுக் கட்டுற ஒட்டுக்கத்தியும் ஒண்ணு இருக்கு, அதுக்கும் இதேதானா?

ரவி அண்ணே: இல்லம்மா, நல்லா கேட்டீங்க. ஒட்டுக்கத்தி நிறைய ஒரு பக்கம் மட்டும்தான் சாய்வு, மறுபக்கம் தட்டை. சாய்வுப் பக்கம் மட்டும் தீட்டுங்க. தட்டைப் பக்கத்தை மெருகுக் கல்லுல படுக்க வச்சு ரெண்டு இழுப்பு, பிசிறு போக மட்டும். அங்கயும் சாய்வு வச்சீங்கன்னா சீவின முகம் தட்டையா வராது, ஒட்டு பிடிக்காது.

தினேஷ்: உப்புத்தாள் பெல்ட் சுத்துற மின் கருவி, வொர்க் ஷார்ப் கென் ஆனியன், அது எப்படி?

ரவி அண்ணே: பெல்ட் வளைஞ்சு கொடுக்கிறதால உள்வளைவுக்கும் வரும், சீக்கிரமும் முடியும். ஆனா ஒரு நொடி தாமதிச்சா நுனி போயிடும், சூடேறினா எஃகு இளகிடும். ரெண்டு கத்திக்கு அது தேவையில்ல.

யூசுப் அங்கிள்: செராமிக் தண்டு கறுத்துப் போனா வெட்டாது. பாத்திரம் தேய்க்கிற பவுடரும் நாரும் போட்டுக் கழுவி உலர்த்துங்க. எண்ணெய், தண்ணி எதுவும் ஊத்தித் தீட்ட வேணாம். கீழ போட்டா உடையும்.

மல்லிகா அக்கா: அப்போ ஷார்ப்மேக்கர் குழுக் காசுல ஒண்ணு, டைமண்ட் தண்டு இப்போதைக்கு வேணாம். ஞாயித்துக்கிழமை தோட்டத்துல வச்சே தீட்டிப் பார்ப்போம்.

ரவி அண்ணே: சரிம்மா. கத்தியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வர வேணாம். தக்க காரணம் இல்லாம பொது இடத்துல கத்தி வச்சிருக்கிறது இங்க குற்றம். மடக்கி, துணியில சுத்தி, தோட்டச் சாமான் பெட்டியில வச்சு எடுத்துட்டு வாங்க. மார்க்கர் பேனா நான் கொண்டாறேன்.