1637, 1662: அச்சடிக்க அனுமதி எப்பிடி வாங்கினவை?

வவுனிக்குளத்தான்:
வணக்கம். கிளிநொச்சியில உயர்தர வரலாற்று வகுப்புக்கு இங்கிலாந்தின்ர அச்சுத் தணிக்கை சொல்லிக் குடுக்கோணும். பாடக்குறிப்பில "அனுமதி பெற வேண்டும்" எண்ட ஒரு வரிதான் கிடக்கு. ஆரிட்ட, எப்பிடி? ஏன் 1695 இல அந்த 1662 அனுமதிச் சட்டத்தை நீட்டாமல் விட்டவை?

ஈயஎழுத்து:
சேர், ஆரிட்டப் போறது எண்டதை விஷயம்தான் தீர்மானிச்சது. சட்டப் புத்தகமெண்டா பிரதம நீதியரசர்மார், அரச காரியமெண்டா அரச செயலாளர், சமயமெண்டா கன்ரபரி பேராயர் அல்லது லண்டன் ஆயர். உண்மையில வாசிச்சது அந்த ஆயர்மாரின்ர உதவிக் குருமார். 1637 இல ஸ்ரார் சேம்பர் (Star Chamber) எண்ட அரச நீதிமன்றம் போட்ட கட்டளைப்படி கையெழுத்துப் பிரதி 2 குடுக்கோணும். ஒண்டு அனுமதிகாரரிட்டையே நிக்கும், அச்சில பிறகு வசனம் கூடினா ஒப்பிட்டுப் பிடிக்க. அடுத்தது, லண்டன் அச்சாளர் சங்கத்தின்ர பதிவேட்டில பதியிறது.

முறிகண்டிக் கிழவர்:
வாசிக்கிறதை விட எண்ணுறதுதான் பெரிய பிடி, தம்பி. 1637 இல லண்டனுக்குத் தலைமை அச்சாளர் 20 பேர், எழுத்து வார்க்கிறவை 4 பேர் மட்டும். ஆளுக்குப் பொதுவா 2 இயந்திரம், பிணை 300 பவுண். தச்சனும் கொல்லனும்கூட சங்கத்துக்குச் சொல்லாமல் அச்சியந்திரம் செய்யேலாது. 1662 சட்டமும் இதே வழிதான்.

ஓட்டையும் இருந்தது. ஒரு புத்தகத்தின்ர தாள்களைப் பல கடையில பிரிச்சு அடிச்சா, சோதினை போடேக்க எந்தக் கடையிலயும் முழுப் புத்தகம் அகப்படாது. லண்டனில அடிச்சுப்போட்டு, அடிச்ச இடம் "அம்ஸ்ரர்டாம்" எண்டு போட்டதும் உண்டு. ஆனா பிடிபட்டா உயிர்தான்: ஜோன் ருவின் எண்ட அச்சாளரை 1664 இல தேசத்துரோகமெண்டு மரண தண்டனை குடுத்துக் கொலை செய்தவை.

1695 இல நாடாளுமன்றம் அடுக்கின குறையளில பேச்சுச் சுதந்திரம் பெரிசா இல்லை. சங்கத்தின்ர ஏகபோகம், வீடு புகுந்து தேடுறது, வெளிநாட்டுப் புத்தகப் பெட்டியள் சுங்கத்தில கிடந்து பழுதாகிறது, இப்பிடி வியாபாரக் கணக்குத்தான்.

ஈயஎழுத்து:
எங்கட பக்கத்தையும் சேருங்கோ. 1820 இல அமெரிக்க மிஷனுக்கு யாழ்ப்பாணம் வந்த அச்சாளர் கரற்றை ஆளுநர் பார்ன்ஸ் இருக்க விடேல்லை. மானிப்பாயில அச்சுக்கூடம் ஓடத் தொடங்கினது 1834 இலதான். 1839 பத்திரிகைச் சட்டத்தின்ர முறை வேற: பத்திரிகை அடிக்கிறவரின்ரையும் வெளியிடுறவரின்ரையும் பேரும் இடமும் எழுதிக் குடுக்கிறது. கிளிநொச்சியில அடிச்ச ஏதாவது நோட்டீஸ் ஒண்டை வகுப்புக்குக் கொண்டுபோய், அடியில அச்சகத்தின்ர பேர் கிடக்கிற வரியைக் காட்டுங்கோ.