மெட்டாமெரிசம்: ‘நிறப்போலி’ன்னு வச்சா என்ன?

ஐயா வணக்கம்,

> ‘நிறமயக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாம், பொருள் எளிதாக விளங்கும்.

ஒரு வெளிச்சத்துல ஒரே கலராத் தெரியுற ரெண்டு பெயிண்ட் வேற வெளிச்சத்துல பிரிஞ்சு தெரியுதே, அந்த மெட்டாமெரிசத்துக்கு நீங்க சொன்ன இந்தப் பேரை ராத்திரி முழுக்க யோசிச்சுப் பாத்தேன். சொல் அழகாத்தான் இருக்கு, ஆனா பட்டறையில போய் சொன்னா “ஏன் உனக்கு செவப்பு பச்சை தெரியாதா”ன்னு கேப்பாங்க, நிறக்குருடுன்னுதான் எடுத்துக்குவாங்க. அதுபோக இலக்கணத்துல மயக்கம்னாலே ஒண்ணோட ஒண்ணு கலக்குறதுதானே, மெய்ம்மயக்கம், திணைமயக்கம் எல்லாமே அப்படித்தான். பெயிண்ட் வேலையில கலக்குறதுங்கிறது தினமும் நடக்குற தனி வேலை, அதோட இது குழம்பிடும்.

இடையில சேந்தவங்களுக்காக, பேச்சு எங்க ஆரம்பிச்சதுன்னு சொல்லிடறேன். பழைய மோட்டார் சைக்கிள் ஒண்ணு, மஞ்சள் கலர். டேங்க்ல கம்பெனி பெயிண்ட் அப்படியே இருந்துச்சு, சைடு கவர் ரெண்டும் துரு தின்னு போயிருந்ததால புதுசா அடிக்கணும். டேங்க் பேட்ஜை கழட்டினா அடியில வெயிலே படாத மஞ்சள், அதை வச்சு மேட்ச் பண்ணி கார்டுல ஸ்ப்ரே பண்ணி டியூப்லைட்டுக்கு கீழ வச்சுப் பாத்தோம், கண்ணுக்கு ஒரு துளி வித்தியாசம் இல்ல. கவர் ரெண்டையும் அடிச்சு மாட்டி வண்டியை வெளிய தள்ளினா வெயில்ல கவர் பச்சை அடிக்குது! சாயங்காலம் குண்டு பல்பு வெளிச்சத்துல பாத்தா அதே கவர் டேங்கைவிட செவந்து தெரியுது. கலர் கலந்து குடுத்தவர்கிட்ட கத்திட்டேன், பாவம் அவர் மேல தப்பே இல்ல.

நம்ம கண்ணுல கலரைப் பாக்குற கூம்பு செல் மூணே வகைதான். வர்ற வெளிச்சத்துல எத்தனை அலைநீளம் இருந்தாலும் கண்ணு அதை மூணு கணக்கா சுருக்கிடுது, அதனால ரெண்டு பெயிண்ட் வெளிச்சத்தை வேற வேற மாதிரி திருப்பி அனுப்பினாலும் அந்த மூணு கணக்கும் ஒத்துப்போச்சுன்னா ஒரே கலராத்தான் தெரியும். லைட்டை மாத்தினா கணக்கு ஒத்துப்போகாது, ஷேடு பிரிஞ்சிடும். பழைய வண்டிக்காரங்களுக்கு மட்டும் ஏன் இது இவ்வளவு தொல்லைன்னா, அந்தக் காலத்து மஞ்சள் ஆரஞ்சுல பெரும்பாலும் லெட் குரோமேட்ங்கிற பிக்மென்ட், அதாவது நிறப்பொடி இருக்கும், அதுல ஈயம் இருக்கு, நஞ்சுன்னு இப்ப பெரும்பாலும் ஒதுக்கிட்டாங்க, அதனால அதே மஞ்சளை வேற பிக்மென்ட் ரெண்டு மூணு சேத்துத்தான் கொண்டுவரணும். சாமானே வேற ஆனப்புறம் எல்லா வெளிச்சத்துலயும் ஒத்துப்போகும்னு எப்படி எதிர்பாக்கறது.

கலர் அளக்குற ஸ்கேனர் வச்சா தீராதான்னு போன தடவை ஒருத்தர் கேட்டிருந்தார். எந்த ஸ்கேனர்ங்கிறதுதான் விஷயம். மூணு ஃபில்டர் மட்டும் வச்ச கருவி நம்ம கண்ணு மாதிரியே ஏமாறும். 400 நானோமீட்டர்ல இருந்து 700 வரைக்கும் எந்த அலைநீளத்துல எவ்வளவு வெளிச்சம் திரும்புதுன்னு துண்டு துண்டா அளந்து கோடு போட்டுக் காட்டுற கருவிதான் வேணும், அதுலயும் டி65ங்கிற பகல் வெளிச்சக் கணக்குல மட்டும் டெல்டா இ, அதாவது ரெண்டு கலருக்கும் உள்ள வித்தியாச எண்ணைப் பாத்துட்டு நிறுத்தக்கூடாது, குண்டு பல்புக்கான ஏ கணக்குலயும் பாக்கணும், அங்க எண் எகிறும். பழைய பெயிண்ட், புது பெயிண்ட் ரெண்டோட கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சா எந்த லைட்டுக்கும் பயமில்ல. அங்கங்க வெட்டிக்கிட்டுப் போச்சுன்னா, அதுக்குத்தான் பேர் தேடுறோம்.

என் யோசனை ‘நிறப்போலி’. முகம் முகன் ஆகும், நிலம் நிலன் ஆகும், பொருள் மாறாது, அது கடைப்போலி. ஒரு எழுத்து இருக்க வேண்டிய எடத்துல இன்னொண்ணு நின்னு அதே வேலையைப் பாக்குது. ஆனா எல்லா எடத்துலயும் நிக்க முடியாது இல்லையா, முகம்ங்கிறதுல கடைசி ம் மட்டும்தான் ன் ஆகும், முதல்ல இருக்கிற மு போய் னு வராதே. இந்தப் பெயிண்டும் அப்படித்தான், டியூப்லைட்டுங்கிற எடத்துல டேங்க் மஞ்சளுக்குப் பதிலா நிக்குது, வெயிலுக்கு வந்தா நிக்கல. மெட்டாமெரிசம்னு அப்படியே எழுதிட்டா உயிரியல்லயும் வேதியியல்லயும் அதே பேர்ல வேற விஷயம் இருக்கு, அந்தக் குழப்பமும் வரும்.

எனக்கே உறுத்துறது ஒண்ணு உண்டு. பழைய வண்டி உலகத்துல போலின்னா கெட்ட வார்த்தை, போலி இன்ஜின் நம்பர், போலி பேட்ஜ்னு. நீங்கதான் சொல்லணும்.

---

தம்பி,

கடைப்போலி உவமை பிடித்திருக்கிறது, அதிலும் இடத்துக்குக் கட்டுப்பட்டது என்பது. போலி என்பது ‘போல’ என்பதிலிருந்து வந்த சொல்தான், ஏமாற்று என்ற பொருள் பின்னால் ஏறியது. நான் ‘மயங்குநிறம்’ என்று மாற்றிச் சொல்ல இருந்தேன், ல ள ழ மயங்கொலி என்கிறோமே அதுபோல. ஆனால் மயங்கொலியில் எழுத்து வேறு, பொருளும் வேறு, நம் காதுதான் தடுமாறுகிறது. இங்கே கண் மீது குற்றமில்லை. ஆகவே உங்கள் சொல்லே இருக்கட்டும்.

ஒன்று கேட்க வேண்டும். நிறம் சேராதது எல்லாவற்றையும் இந்தச் சொல்லில் போட்டுவிடுவார்களே, எல்லை எது?

---

ஐயா,

நல்ல கேள்வி, நானே முதல்ல அந்தத் தப்பைப் பண்ணினவன்தான். வெயில்ல வெளுத்துப்போனது நிறப்போலி இல்ல, அது வெளுப்பு. இதுக்கு நேர் எதிரா ஒண்ணு இருக்கு, பலருக்குத் தெரியாது: பழைய ஆல்கிட் எனாமல்ங்கிற எண்ணெய் பெயிண்ட்ல வெள்ளை, க்ரீம் எல்லாம் இருட்டுல கிடந்தா மஞ்சளிச்சுப் போகும். ரப்பருக்கு அடியில, டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிறதுதான் ஒரிஜினல்னு நம்பி அதுக்கு மேட்ச் பண்ணினா வண்டி முழுக்க மஞ்சளிச்ச க்ரீம்ல போயிடும். அந்தத் துண்டை சில நாள் வெளிச்சத்துல வச்சா மஞ்சள் இறங்கிடும், அப்புறம் மேட்ச் பண்ணணும். இதுவும் நிறப்போலி இல்ல, பெயிண்டே மாறிடுச்சு. நிறப்போலியில பெயிண்ட் மாறாது, லைட்டுதான் மாறுது.

மெட்டாலிக் பெயிண்ட்ல நேரா பாத்தா ஒரு ஷேடு, சாய்ச்சுப் பாத்தா ஒரு ஷேடு, அது அலுமினியச் செதில் எப்படிப் படிஞ்சிருக்குங்கிறதைப் பொறுத்தது. ஈரமா அடிச்சா இருட்டடிக்கும், வறட்சியா அடிச்சா வெளிறும், ஒரே டப்பா பெயிண்டுலயே இது நடக்கும். இதைப் பட்டறையில சைடு டோன்னு சொல்றாங்க, தமிழ்ல ‘சாய்நிறம்’னு வைக்கலாம்னு தோணுது, அதைத் தனியா பேசுவோம்.

அப்ப நிறப்போலிக்கு வரையறை இப்படி எழுதறேன், திருத்துங்க: ஒரு வெளிச்சத்துல ஒரே நிறமாத் தெரியுற ரெண்டு பரப்பு, ரெண்டையும் தொடாம வெளிச்சத்தை மட்டும் மாத்தினா வேற வேற நிறமாத் தெரியுறது. கோடும் கோடும் படியிற நல்ல பொருத்தத்துக்கு ‘அலைப்பொருத்தம்’.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. நேத்து பட்டறையில இந்தச் சொல்லைச் சொல்லிக் குடுத்தேன், பையன் கார்டை வெளிய எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு “அண்ணே, வெயில்ல போலியடிக்குது”ன்னு கத்தறான். நம்ம கணக்குப்படி டியூப்லைட்லதான் அது போலி, வெயில்ல போலி இல்ல, தலைகீழாச் சொல்றான். ஆனா அங்க இருந்த நாலு பேருக்கும் உடனே புரிஞ்சு ஒருத்தர் மறுபடி கலக்க டப்பாவைத் தொறந்துட்டார். இந்த ‘போலியடிக்குது’வை அகராதியில எப்படிப் போடறதுங்கய்யா?