டீத்தூள் சக்கையைப் பூந்தொட்டியில போடலாமா, கூடாதா?

செந்தூல் மல்லிகை:
வணக்கம். எங்க ஃபிளாட்ல நான் நாலாவது மாடி. வாசல்ல 14 தொட்டி வெச்சிருக்கேன். கறிவேப்பிலை, பாண்டான், மிளகாய், துளசி, ரெண்டு ரோஜா. ஆறு வருஷமா வீட்டு டீத்தூள் சக்கையைக் குப்பையில போடாம செடிக்குத்தான் போடுறேன். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா, "நீ போடுற சக்கையாலதான் மாடி பூரா குட்டி ஈ பறக்குது, நிறுத்திடு"ன்னு சொல்லிட்டாங்க. மனசு கஷ்டமாப் போச்சு. என் முறையில தப்பு இருந்தா மாத்திக்கறேன். ஆனா நிறுத்த மனசு வரல.

நான் செய்யுறது இதுதான். டீயை வடிகட்டினதும் சக்கையைக் குழாய்த் தண்ணியில அலசிடுவேன், சீனி, பால் எது ஒட்டியிருந்தாலும் போயிடும். கையால இறுக்கிப் பிழிஞ்சு, பழைய பேப்பர்ல மெல்லிசா பரப்பி, துணி காயப் போடுற கம்பிக்குக் கீழ வெச்சிடுவேன். நல்ல வெயில்னா ரெண்டு நாள். விரல்ல எடுத்தா பொலபொலன்னு உதிரணும். அப்புறம்தான் டின்ல சேர்த்து வெப்பேன். மாசத்துக்கு ஒரு தடவை தொட்டிக்கு ஒரு கைப்பிடி போட்டு, மண்ணைக் கிளறிக் கலந்திடுவேன். என் கறிவேப்பிலை முன்ன மஞ்சளா, நோஞ்சானா நின்ன செடி. இப்ப பாசார்ல கறிவேப்பிலை வாங்குறதே இல்ல, பக்கத்து ரெண்டு வீட்டுக்கும் ஒடிச்சுக் குடுக்குறேன். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ஜெலுத்தோங் மாடித்தோட்டம்:
அக்கா, நான் எதிர்த்துதான் பேசப் போறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க காய வெச்சுப் போடுறீங்க, சரி. ஆனா இதைப் படிக்கிற பத்துப் பேர்ல எட்டுப் பேர் வடிகட்டியை அப்படியே தொட்டி மேல தட்டிட்டுப் போயிடுவாங்க. நானும் அப்படிச் செஞ்சவன்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்ன மிளகாய் நாத்து 22 விட்டிருந்தேன். தினம் காலையில ஈரச் சக்கையைத் தூவிக்கிட்டே வந்தேன். மூணாவது வாரம் மேல பாலாடை மாதிரி ஒரு ஏடு கட்டிடுச்சு. தண்ணி ஊத்தினா உள்ள இறங்காம ஓரமா வழிஞ்சு ஓடுது. குச்சியால அந்த ஏட்டைத் தூக்கிப் பார்த்தா அடியில வெள்ளை நூல் நூலா பூஞ்சை, புளிச்ச வாடை. அதுக்கு ரெண்டு அங்குலம் கீழ மண்ணு சாம்பல் மாதிரி வறண்டு கிடக்கு. தொட்டியைத் தட்டினா கறுப்பா குட்டி ஈ கிளம்பும். மேல் மண் ஈரத்துல வளர்ற பூஞ்சையைத் தின்னுதான் அதோட புழு பெருகுது, இளம் வேரையும் கடிக்குது. 22-ல 5 நாத்துதான் தேறுச்சு. அதனால உங்க பக்கத்து வீட்டு அக்கா சொல்றதை லேசா எடுத்துக்காதீங்க.

பட்டர்வொர்த் பெரியவர்:
தம்பி, நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். இப்போது வயது 71. போ (BOH) தேயிலை நிறுவனம் 1929-ல் கேமரன் மலையில் தோட்டம் போட்ட காலத்திலிருந்து நம்ம சனம் கொழுந்து பறித்த மலை அது. கவ்வாத்து வெட்டினால் அந்தக் கிளையையும் இலையையும் அள்ளிக்கொண்டு போகச் சொல்ல மாட்டார்கள். செடி அடியிலேயே கிடந்து மக்கி மண்ணுக்கே திரும்பிப் போகும். தேயிலை இலை மண்ணைக் கெடுக்கும் என்றால் அந்த மலை இத்தனை வருடம் பச்சையாக நின்றிருக்குமா? லயத்து வாசலில் ரோஜா இல்லாத வீடு கிடையாது. எங்கள் அம்மா மிச்சமான சாயத்தண்ணியை, பால் கலக்காததை, ஆற வைத்து அந்த ரோஜாவுக்குத்தான் ஊற்றுவார். நான் இன்றைக்கும் வாரம் ஒருமுறை ஊற்றுகிறேன். நாற்று செத்ததற்குக் காரணம் ஈரத்தை அப்பி வைத்தது. தேயிலை மேல் பழி போடாதீர்கள்.

ஜெலுத்தோங் மாடித்தோட்டம்:
ஐயா, உங்க அனுபவத்துக்கு முன்னால நான் சின்னப் பையன். ஆனா மலைச் சரிவும் பத்து அங்குலத் தொட்டியும் ஒண்ணாகுமா? மலையில மண்புழு இருக்கு, ஆழம் இருக்கு, தண்ணி வடிஞ்சு போக வழி இருக்கு. கவ்வாத்து இலை மாசக்கணக்கா மெதுவா மக்குது. தொட்டியில அந்த வசதி ஏது?

இன்னொண்ணு, சத்து சத்துன்னு எல்லாரும் சொல்றாங்க. காய்ஞ்ச தேயிலையில நைட்ரஜன் சுமார் 4 விழுக்காடு, உண்மைதான். ஆனா அது புரதத்தோடயும் டானின்னோடயும் கட்டிப்போட்டுக் கிடக்கு, மக்கினாத்தான் வேருக்குக் கிடைக்கும். இன்னைக்குப் போட்டா நாளைக்குத் துளிர் வரும்னு நினைக்கிறது வீண் ஆசை. பொட்டாசியமோ தண்ணியில சுலபமா கரையுறது, அதுல பெரும் பகுதி நாம குடிக்கிற டீயிலயே இறங்கிடுது. பூ பூக்க, காய் காய்க்க வேண்டிய சத்து சக்கையில கொஞ்சம்தான் மிச்சம்.

அப்புறம் "டீ ஊத்தினா மண்ணு புளிப்பாகும், செடிக்கு நல்லது"ன்னு வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துட்டு வர்றாங்க. அங்க சுண்ணாம்பு மண்ணு இருக்கிற ஊர்ல அது சரி. நம்ம மலேசிய நாட்டு மேட்டு நிலத்து மண்ணு ஏற்கெனவே பிஎச் 4-லிருந்து 5 வரைக்கும் புளிச்சுக் கிடக்கு, விவசாயிங்க சுண்ணாம்பு வாங்கிப் போட்டு அதைத் தணிக்கிறாங்க. தோட்டத்து மண்ணை அள்ளித் தொட்டி நிரப்புறவங்க மேல மேல புளிப்பு ஏத்தி என்ன லாபம்?

பட்டர்வொர்த் பெரியவர்:
சாயத்தில் பொட்டாசியம் இறங்குகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் சாயத்தண்ணியை ரோஜாவுக்கு ஊற்றிய என் அம்மா சரியாகத்தானே செய்தார்?

ஜெலுத்தோங் மாடித்தோட்டம்:
வளர்ந்த ரோஜாவுக்கு, பால், சீனி இல்லாம, தண்ணி கலந்து நீர்க்க ஊத்துறதுன்னா ஒத்துக்கறேன் ஐயா. விதை போட்ட தொட்டிக்கும் நாத்துக்கும் வேணாம். கஃபீன் விதை முளைக்கிறதைத் தடுக்கும். தேயிலையும் காப்பியும் அதைச் சுரக்கிறதுக்கு ஒரு காரணமே பக்கத்துல வேற செடியை முளைக்க விடாம பார்த்துக்கிறதுதான்னு சொல்வாங்க. கொதிக்க வெச்ச சக்கையில கஃபீன் பெரும்பாலும் போயிடும், ஆனா மிச்ச டீயில அது முழுசா இருக்கு. சக்கை வேற, டீத்தண்ணி வேற, ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சுப் பேசுறதாலதான் இந்தக் குழப்பம்.

பிரிக்பீல்ட்ஸ் டீக்கடை:
நான் பதினெட்டு வருஷமா டீ ஆத்துறவன். தே தாரிக், அதாவது ஆத்தின பால் டீ விக்கிற கடைச் சக்கையில பால் இருக்கும்னு பல பேரு நினைக்கிறாங்க. இருக்காது. தூளைத் துணிப்பையில போட்டு வெந்நீர் ஊத்திச் சாயத்தைத் தனியா இறக்குவோம். டின் பால் குவளைக்குள்ளதான் சேரும், பைக்குள்ள போகாது. பொழுது விடிஞ்சு ஒரு பத்தரை மணிக்கெல்லாம் பை கனத்துத் தொங்கும். அதை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பி, வாளி விளிம்புல ரெண்டு தட்டு தட்டினா உருண்டையா விழும், ஆவி பறக்கும். அது சுத்தமான சக்கை. தோட்டம் வெச்சிருக்கிற ஒரு சீனத்துத் தாத்தா தினமும் வாளியோட வந்து வாங்கிட்டுப் போவாரு, காசு வாங்குறதில்ல. வீட்டுல பாலோட சேர்த்துக் கொதிக்க வெக்கிறீங்க பாருங்க, அந்தச் சக்கையைத்தான் நல்லா அலசணும்.

மிச்ச தே தாரிக்கை மட்டும் யாரும் செடிக்கு ஊத்திடாதீங்க. டின் பால்ல பாதிக்குக் கொஞ்சம் குறைவா சீனிதான். எறும்பு படையெடுத்து வரும். எறும்பு வந்தா பின்னாலயே மாவுப்பூச்சியும் வரும், அது சுரக்குற தேன் மாதிரி இனிப்பு நீருக்காக எறும்பே அதைக் காவல் காத்து வளர்க்கும். கடை வாசல்ல இருந்த செம்பருத்தி எனக்கு அப்படித்தான் போச்சு.

பங்சார் வாசகி:
எல்லாரும் தூளைப் பத்தியே பேசுறீங்க. எங்க வீட்டுல எல்லாம் டீ பைதான். ஒரு வருஷம் முழுக்கப் பையோட தொட்டியில புதைச்சேன், மக்கிடும்னு நம்பினேன். மண்ணு மாத்துறப்போ கொட்டிப் பார்த்தா தூள் மக்கிப் போயிருக்கு, பை மட்டும் கொசுவலைத் துண்டு மாதிரி அப்படியே இருக்கு, அதுக்குள்ள வேர் புகுந்து சிக்கிக் கிடக்கு. முக்கோண வடிவத்துல பளபளன்னு வர்றது நைலானோ பிளாஸ்டிக்கோதான். 2019-ல கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணாங்க. அந்த மாதிரிப் பை ஒண்ணை 95 டிகிரித் தண்ணியில போட்டா ஏறக்குறைய 1,160 கோடி நுண் பிளாஸ்டிக் துகள் தண்ணியில கலக்குதாம். சாதாரண காகிதப் பையிலயும் ஓரத்தை ஒட்டுறதுக்குப் பிளாஸ்டிக் இழை சேர்க்கிறது உண்டு. சோளத்துல செஞ்ச பைன்னு விளம்பரம் பண்றதும் 60 டிகிரி அளவுக்குச் சூடு ஏறுற பெரிய உரக்கூடத்துலதான் ஒழுங்கா மக்கும், நம்ம வீட்டு வாளியில மக்காது. இப்ப நான் பையைக் கிழிச்சு, தூளை மட்டும் எடுத்து, ஸ்டேப்பிள் ஊசியோட பையைக் குப்பைக்குப் போட்டுடறேன். கீரைக்கும் புதினாவுக்கும் பையோட போடுறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க.

குளுகோர் தாதி:
செடியை விட்டு ஒரு வார்த்தை. கண் சிவந்தா, கண்கட்டி வந்தா குடிச்சு மிச்சமான டீ பையைக் கண் மேல வைக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல இருக்கு. வேணாம். அது கிருமி நீக்கின பொருள் கிடையாது, மேசையில கிடந்து ஆறின பையில கிருமி பெருகியிருக்கும். சுத்தமான துணியை வெந்நீர்ல நனைச்சு ஒத்தடம் குடுங்க, ரெண்டு நாள்ல குறையலைன்னா கிளினிக் போங்க. மீன், பெலாச்சான் (இறால் விழுது) வாடை அடிக்கிற கையில ஈரச் சக்கையைத் தேய்ச்சுக் கழுவுறது நல்ல பழக்கம், நானே செய்வேன். காய்ஞ்ச சக்கையைச் சின்னக் கிண்ணத்துல போட்டு ஐஸ்பெட்டியில வெச்சாலும் வாடை குறையும், வாரா வாரம் மாத்தணும்.

செந்தூல் மல்லிகை:
தாதி அக்கா, கண் விஷயம் சொன்னதுக்கு நன்றி, என் மகளுக்கு நான் வெச்சிருக்கேன். கறுத்த மர அலமாரியில கீறல் விழுந்தா கெட்டிச் சாயத்தைப் பஞ்சுல தொட்டுத் தடவுவேன், கீறல் மங்கிடும். வெள்ளை மரத்துல செஞ்சுடாதீங்க, கறை நிக்கும்.

ஜெலுத்தோங் தம்பி, நீங்க சொல்றது எல்லாம் புரியுது. அப்ப சக்கையைக் குப்பையில போட்டுடறதா? எங்க கோலாலம்பூர்ல 2015 செப்டம்பர் 1-லிருந்து குப்பையைப் பிரிச்சுப் போடுறோம், பேப்பர், டின், பிளாஸ்டிக் தனியாப் போகுது. ஆனா சமையலறை ஈரக் குப்பை எல்லாம் மூட்டை கட்டிப் புக்கிட் தாகார் குப்பைமேட்டுக்குத்தானே போகுது? அதை நினைச்சாத்தான் எனக்கு மனசு ஆறல.

ஜெலுத்தோங் மாடித்தோட்டம்:
குப்பையில போடச் சொல்வேனா அக்கா? எங்க பக்கத்துப் புலாவ் புரோங் குப்பைமேடு 2022 ஜனவரியில பத்தி எரிஞ்சு, புகை நிபோங் தெபால் பக்கமெல்லாம் நாள் கணக்கா பரவுச்சு. அதுக்கப்புறம் எங்க வீட்டுல ஒரு பிடி ஈரக் குப்பை வெளிய போறதில்ல.

நான் சொல்றது, முதல்ல மக்க வைங்க. ஓட்டை போட்ட மூடியுள்ள வாளி ஒண்ணு. சக்கை ஒரு பங்குன்னா காய்ஞ்ச இலையோ கிழிச்ச அட்டையோ மூணு பங்கு. பார்க்கத்தான் காய்ஞ்ச இலை மாதிரி பழுப்பு, ஆனா சக்கை நைட்ரஜன் அதிகமுள்ள சரக்கு, காய்ஞ்சது கலக்கலைன்னா நாத்தம் எடுக்கும். வாரம் ரெண்டு தடவை கிளறுங்க. ரெண்டு மூணு மாசத்துல காட்டு மண்ணு வாசம் வரும், அப்பப் போடுங்க. எந்தச் செடியும் முகம் சுளிக்காது.

தொட்டித் தட்டுல டீத்தண்ணி தேங்க விடுறதும் ஆபத்து. இலை ஊறின தண்ணின்னா ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிட இன்னும் பிரியம், 7 நாள்லருந்து 10 நாள்ல கொசுவாகிப் பறந்துடும். 1975-ஆம் வருஷத்து நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி அங்கேயே 500 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம் போடுவாங்க. அபராதம் போகட்டும், டிங்கி வந்தா யாரு படுறது?

ஒரே ஒரு கேள்வி அக்கா. அக்டோபர், நவம்பர்ல தினம் மழை. அப்ப எப்படிக் காய வைக்கிறீங்க?

பட்டர்வொர்த் பெரியவர்:
வாளி யோசனை நல்ல யோசனைதான், தம்பி. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதி நாள் வெயில் அடிக்கும் வீட்டில், நன்றாகக் காய்ந்த சக்கை ஒரு கைப்பிடியை மண்ணில் கலப்பதை நான் தப்பென்று ஏற்கவில்லை. ரோஜாவுக்குச் சாயத்தண்ணியையும் நிறுத்தப் போவதில்லை. அறுபது வருடமாகக் கண்ணால் பார்த்தது.

செந்தூல் மல்லிகை:
தம்பி, உங்க கேள்வியைப் படிச்சதும் எழுந்து போய் டின்னைத் திறந்து பார்த்தேன். மூடியோட உள்பக்கம் வேர்த்திருக்கு. கையை விட்டா மேல இருக்கிறது உதிருது, அடியில இருக்கிறது கட்டி கட்டியா விரல்ல ஒட்டுது. ஓரத்துல வெள்ளை பூத்திருக்கு. போன மாசம் தினம் நாலு மணிக்கு மழை, ரெண்டு நாள் கழிச்சும் ஈரம் போகல, பரவாயில்லைன்னு டின்ல போட்டதும் நான்தான், அதையே அள்ளி 14 தொட்டிக்கும் போட்டதும் நான்தான். ஈ வந்ததும் அதுக்கு அடுத்த வாரம்தான். பக்கத்து வீட்டு அக்கா சொன்னது சரி.

இப்பத்தான் அவங்க கதவைத் தட்டிச் சொல்லிட்டு வந்தேன். தொட்டியில மேல் மண்ணை ஒரு அங்குலம் சுரண்டி எடுத்தாச்சு, டின்ல இருந்ததையும் சேர்த்து, கீழ கார் நிறுத்துற இடத்துல பெருக்கின காய்ஞ்ச இலையோட பழைய பெயிண்ட் வாளியில போட்டிருக்கேன். அக்காவும் அவங்க வீட்டுச் சக்கையைத் தர்றேன்னாங்க. மழை விட்டு வெயில் நின்னதும் பெரியவர் சொன்ன மாதிரி ரோஜாவுக்கு மட்டும் காய்ஞ்சதைக் கலப்பேன், அதை நிறுத்த எனக்கு மனசில்ல. பிரிக்பீல்ட்ஸ் அண்ணே, பத்தரை மணிக்குப் பை தட்டுவீங்கன்னு சொன்னீங்களே, எந்த ரோட்டுல கடைன்னு தனியா மெசேஜ் போடுங்க. ஜனவரி பிறந்ததும் வாளியோட வர்றேன்.